ஊருக்கு ஒரு பாஸ்வேர்ட்

எந்த ஃபோனைக் கொடுத்தாலும் முதலில் அதைத் தன் சேர்ட்டின் முன்பக்கத்தில் துடைப்பார். அன்றைக்குத்தான் பெட்டி உடைத்த புது ஃபோன் என்றாலும் துடைப்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கொண்டுவந்த ஆளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"உங்களுக்கு ஆரோட கதைக்க வேணும்?"

மகளோடு என்பார்கள். தம்பியோடு என்பார்கள். கோயில் திருவிழா பார்க்கவும் வேண்டும் என்று சிலர் கூச்சத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கமாட்டார். பத்து நிமிடத்தில் ஃபோனில் கிடந்த மிச்சம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, திரையில் மூன்றே மூன்று படங்களை வைத்துத் தருவார். மேலே பச்சை ரெலிபோன், நடுவில் வீடியோ கமரா, கீழே கோயில் கோபுரம். கனடாவிலிருந்து மருமகன் கொடுத்தனுப்பிய விலை உயர்ந்த ஃபோனும் அப்படித்தான், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் வாங்கிய மலிவுச் சீன ஃபோனும் அப்படித்தான், மடியில் வைத்துப் பார்க்கும் டப்லெட்டும் அப்படித்தான். அவர் கையில் போய்வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். உறைகூட ஒரே கறுப்பு உறை.

பாஸ்வேர்ட் ஒரு கரைச்சல், இங்கிலிஷ் ஒரு கரைச்சல், அப்டேட் ஒரு கரைச்சல் என்பார். கரைச்சல்களையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதான் ஃபோன் என்பது அவருடைய சித்தாந்தம். அந்தக் கணக்கில் பார்த்தால் ஃபோனைப் பாவிக்கிற சனமும் அவருக்கு ஒரு கரைச்சல்தான். சனத்தை அழிக்க வழியில்லாதபடியால் பொறுத்துக்கொண்டார்.

இணுவிலிலிருந்து மானிப்பாய்க்குப் போகிற வழியில், ஒரு தையல்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய கடை. ஊர் அவரை மாஸ்டர் என்றது. அவர் ஒரு பிள்ளைக்கு ஒரு எழுத்தாவது படிப்பித்ததாக நான் அறியேன். அப்போது பதினொரு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தவள் நான். என்னை ஊரில் ஒருவரும் ரீச்சர் என்று கூப்பிட்டதில்லை. அவர் மாஸ்டர், நான் 'கலியாணம் ஆகாத அந்தப் பெட்டை'. அவரால்தான் எனக்கு வந்த கலியாணமும் நடக்காமல் போனது. அதற்கு வருகிறேன்.

அவரைப் பற்றி நல்லதும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நாக்கு அழுகிப்போகும். அவர் கடை போடுவதற்கு முன்பு எங்கள் பக்கத்து வயதானவர்கள் ஃபோனைக் கையில் ஏந்திக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைக் காட்டுவதுபோல வீடு வீடாகத் திரிந்தார்கள். மகளின் முகத்தைத் திரையில் வரவைப்பதற்கு ஒவ்வொரு ஃபோனிலும் ஒவ்வொரு வழி. ஒன்றில் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், இன்னொன்றில் பக்கவாட்டில் தள்ள வேண்டும், மூன்றாவதில் அமத்திப் பிடிக்க வேண்டும். வெங்காயத் தோட்டத்தில் நின்று மண் காய்ந்த விரலால் ஒருவர் இதைத் தட்டுவார் என்று, இவற்றைச் செய்தவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். தட்டினாலும் சும்மா விடாது. சம்மதமா, சம்மதமா என்று நாலு இடத்தில் கேட்கும். எதற்குச் சம்மதம் என்று எட்டுப் பக்கத்துக்கு இங்கிலிஷில் எழுதியிருக்கும். மாஸ்டர் ஒன்றையும் வாசிக்காமல் டக் டக்கென்று அழுத்திக்கொண்டு போவார். எங்கள் ஊரின் பாதிச் சனத்துக்காக அவர்தான் சம்மதம் சொன்னார்.

விளங்கப்படுத்துவது மட்டும் அவருக்கு ஆகாது. ஒருநாள், இதை எப்படிச் செய்தீர்கள், எனக்கும் காட்டுங்கள் என்று கேட்டேன். சொன்னால் விளங்காது பிள்ளை, தாங்கோ என்று கையை நீட்டினார். நான் விஞ்ஞானப் பட்டதாரி என்றேன். அதுதான் சொல்லுறன் என்றார்.

ஒருமுறை, செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கும் எட்டுச்செலவு வீடொன்றில், கை கழுவப் போன ஆம்பிளைகள் ஃபோன்களை ஒரு மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாப்பிட்டு எழும்பி வந்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என் அப்பா எடுத்து வந்தது ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடைய ஃபோன். மூன்று நாள் அதைப் பாவித்தார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இப்போது சத்தம் கொஞ்சம் திறமாகக் கேட்கிறது என்று சந்தோஷம் வேறு. மூன்றாம் நாள் தபால்காரரின் மகள் எடுத்து, "அப்பா, சீனி எப்பிடி?" என்று கேட்டிருக்கிறாள். சீனி வருத்தம் இரண்டு பேருக்கும் இருந்தபடியால் கதை ஐந்து நிமிடம் சீராகவே போயிருக்கிறது. அம்மாவிடம் கொடுங்கோ என்று அவள் கேட்ட பிறகுதான், என் அம்மா வாங்கிப் பேசி, எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது.

அப்பா ஃபோனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார், நானும் போனேன். மாஸ்டர் கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று பார்த்தால் அந்த மனிதரின் முகத்தில் வந்த பெருமையைச் சொல்லி முடியாது. "பாத்தியளே? ஆரின்ரை ஃபோனை ஆர் எடுத்தாலும் கரைச்சலில்லை" என்றார். அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்தார்.

முகம் ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. உள்ளுக்குள்ளும் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு ஃபோனும் தொடங்கும்போதே ஒரு இமெயிலும் பாஸ்வேர்டும் கேட்கும். எங்கள் பக்கத்து எழுபது வயதுக்காரருக்கு இமெயிலுக்கு எங்கே போவது? முதலாவது ஆளுக்கு மாஸ்டர் ஒன்று உண்டாக்கிக் கொடுத்தார். இரண்டாவது ஆளுக்கும் உண்டாக்கப் பஞ்சிப்பட்டு, முதலாவது ஆளுடையதையே போட்டுவிட்டார். அது வேலை செய்தது. பிறகென்ன, கோயில் வீதியின் இரண்டு பக்கமும், அங்காலே மானிப்பாய் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே எக்கவுண்ட். பாஸ்வேர்ட் முருகனுடைய ஒரு பெயரும் ஆறு என்ற இலக்கமும். அது ரகசியம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தார்.

திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கும் கம்பஸ் மாணவன் ஒருவன் கடையில் நின்று, இப்படிச் செய்யக்கூடாது, ஆளுக்கொரு எக்கவுண்ட் வேண்டும் என்று நல்ல மரியாதையாகச் சொன்னான். மாஸ்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கோயிலுக்கு எத்தனை வாசல் வைத்தாலும் உள்ளே சாமி ஒன்றுதானே தம்பி என்றார். கடையில் நின்ற சனம் அந்த மாணவனை நாத்திகனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

எக்கவுண்ட் ஒன்று என்றால் ஃபோன் நம்பர்களும் ஒன்று. ஒருவர் சேமித்த பெயர் அத்தனை பேருடைய ஃபோனிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஊரில் ஃபோனில் பெயரை எப்படிப் போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. தம்பி கனடா. மகள் லண்டன். அண்ணை சுவிஸ். மகனையும் தம்பி என்று கூப்பிடுகிற யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில்தான் ஒரு தம்பி கனடா இல்லை? ஒருநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு ஃபோனிலும் நாற்பது தம்பி கனடா.

எதிர்வீட்டு மாமி தன் மகனுக்கு எடுப்பதாக நினைத்து முதலாவது தம்பி கனடாவை அமத்தினா. வீடியோ வேண்டாம், முகத்தைப் பார்த்தால் இளகிவிடுவேன் என்று சத்தத்தில் மட்டும் எடுத்தவ. தகப்பனின் திவசத்துக்கு ஒரு வார்த்தை எடுத்துப் பேசவில்லையே என்று தொடங்கி, ஒன்பது மாதத்தில் வந்து, நெருப்புக்காய்ச்சலில் நின்று, நாட்டுப் பிரச்சினைக்குள்ளால் கூட்டிக்கொண்டு ஓடியது வரைக்கும் இருபது நிமிடம் கிழித்திருக்கிறா. அந்தப் பக்கத்தில் இருந்தவன், யார் பெற்ற பிள்ளையோ, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குரல் தழுதழுக்க மன்னிப்புக் கேட்டானாம். வாற ஆடிக்கு வாறன் அம்மா என்றானாம். அது தன் மகன் இல்லை என்று தெரிந்தபோது மாமி அதிகம் கவலைப்படவில்லை. "என்ரை பிள்ளை ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. நான் அப்பவே யோசிச்சிருக்க வேணும்" என்றா.

இந்தக் குழப்பத்துக்கு மாஸ்டர் ஒரு வாரம் கடையில் இருந்து வைத்தியம் செய்தார். எக்கவுண்டைப் பிரிக்கவில்லை, பிள்ளைகளுக்கு இலக்கம் போட்டார். தம்பி கனடா ஒன்று, தம்பி கனடா இரண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் தங்கள் பிள்ளையின் இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்தார். மாமியின் மகன் பதினேழு. கனடாவிலிருக்கும் என் அண்ணா இருபத்தாறு. கோயிலில் கண்டால் சனம், உங்கடை இருபத்தாறு சுகமோ என்று விசாரிக்கத் தொடங்கியது.

இதையெல்லாம் பார்த்து வாய்விட்டுச் சிரித்தவள் நான். ஆசிரியர் அறையில் நடித்தே காட்டியிருக்கிறேன். பிறகு ஒருநாள் என் ஃபோன் கிணற்றுக்குள் விழுந்தது. புது ஃபோன் வாங்கினேன், அது பழைய பாஸ்வேர்டைக் கேட்டது, எனக்கு மறந்துபோயிருந்தது. மூன்று நாள் முட்டிப் பார்த்தேன். நாலாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஸ்கூட்டியை அவர் கடை வாசலில் நிறுத்தினேன். சேர்ட்டில் துடைத்தார். ஆரோட கதைக்க வேணும் என்று கேட்டார். நானும் அடக்க ஒடுக்கமாகப் பதில் சொன்னேன்.

ஒன்றைச் சொல்லவேண்டும். நம்பர் மாதிரித்தான் படங்களும். நடுவில் இருந்த கமராவால் எடுத்த படங்களும், பிள்ளைகள் அனுப்பிய படங்களும், எல்லாருடைய ஃபோனிலிருந்தும் ஒரே இடத்துக்குப் போயின. எங்கள் ஃபோன்களில் அந்தப் படப் பெட்டியை அவர் அழித்துவிட்டதால் ஒருவருக்கும் அது தெரியாது. ஒரு எக்கவுண்டில் எவ்வளவு இடம் இருக்கும்? அது அடிக்கடி நிரம்பிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாஸ்டர் கடையில் இருந்து படங்களை அழிப்பார். ஆட்டுக்குட்டிப் படம், சாப்பாட்டுப் படம், தவறுதலாக எடுத்த செருப்புப் படம் எல்லாம் போகும். கோயில் படம் நிற்கும். ஊரில் யார் எதை நினைவில் வைத்திருக்கலாம் என்று அந்த மனிதர் சோற்று மயக்கத்தில் தீர்மானித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம்தான் எனக்குச் சுவிஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எனக்கு முப்பத்துநாலு வயது. செவ்வாய்க் குற்றமுள்ள சாதகம். பொருந்தின சாதகங்களை ஒரு கை விரலில் எண்ணலாம், அதிலும் இரண்டு பேருக்குத் தலைமயிர் இல்லை. இவருக்குத் தலைமயிரும் இருந்தது, செவ்வாயும் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, எனக்கு விருப்பம் வந்துவிட்டது. அதை மறைத்து என்ன? விசாவுக்குப் பாஷை வேண்டுமென்று திருநெல்வேலியில் ஜெர்மன் வகுப்புக்குச் சேர்ந்தேன். பதினொரு வருட அரசாங்க உத்தியோகத்தை விடுவதற்குக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். மாப்பிள்ளை லீவில் வந்து என்னைப் பார்த்து, இரண்டு பக்கமும் நாள் குறித்த மறுநாள் பள்ளிக்கூட அதிபரிடம் கொடுப்பதாக இருந்தேன். கொடுத்தால் திரும்ப எடுக்க முடியாது.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, அப்பா மாஸ்டரை வீட்டுக்குக் கூப்பிட்டார். அண்ணா அனுப்பிய பெரிய ரீவி விறாந்தையில் இருந்தது. அது சும்மா இருக்கிற நேரங்களில் யாரோ வெள்ளைக்காரருடைய மலையையும் ஆற்றையும் காட்டிக்கொண்டிருந்தது. வாறவர்கள் பார்க்க, அண்ணாவின் கனடா வீடும் காரும் தானாக ஓடவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. மாஸ்டர் ரிமோட்டைச் சேர்ட்டில் துடைத்தார். எக்கவுண்டைப் போட்டார். முதலாவதாக அண்ணாவின் வீடு பனிக்குள் நின்ற படம் வந்தது. அப்பா கைதட்டினார். தேத்தண்ணி குடித்துவிட்டு மாஸ்டர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாயார், தரகர். மாப்பிள்ளையை ரீவிக்கு முதுகு காட்டும் கதிரையில் இருத்தினோம், அதுதான் நல்ல கதிரை. நான் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தேன். ரீவியில் அண்ணாவின் கார் போனது. பிறகு கோயில் தேர் வந்தது. அதற்குப் பிறகு ஒரு முழங்காலின் எக்ஸ்ரே. அம்மா என்னைப் பார்த்தா. பிறகு எங்களுக்குத் தெரியாத ஒரு கறவை மாடு. தரகர், உங்கடை மாடோ, நல்ல சாதி என்றார். அப்பா ஓம் என்றார். மாப்பிள்ளை, சுவிஸில் ரயில் ஒரு நிமிடமும் பிந்தாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்ததாக ரீவி நிறைய மாப்பிள்ளையே வந்தார். கோட்டுப் போட்டு, கழுத்தில் மாலையோடு, ஒரு மேசையில் குனிந்து கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதிரையில் இருந்த மாப்பிள்ளை இன்னும் ரயிலைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாயார் தண்ணீர் வேண்டும் என்று எழும்பினா. எழும்பிப் போய் ரீவிக்கு முன்னால் நின்றுகொண்டா. ரீவி ஐம்பத்தைந்து அங்குலம், அவ குள்ளம். அவவின் தலைக்கு மேலே மகனும் மணப்பெண்ணும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பிறகுதான் எங்களுக்கு விளங்கியது, அவவின் ஃபோனும் மாஸ்டர் செய்து கொடுத்ததுதான் என்று. மகன் எப்போதோ அனுப்பிய படத்தை அந்தத் தாய் ஊருக்கு மறைத்துத் தன் ஃபோனில் வைத்திருக்கிறா. ஊருக்கெல்லாம் ஒரே பெட்டி என்று அவவுக்கு யார் சொன்னது?

அப்பா மெதுவாக, தம்பி திரும்பிப் பாருங்கோ என்றார். மாப்பிள்ளை திரும்பினார். தரகர் முந்திக்கொண்டு, இந்தக் காலத்தில் படத்தை எப்படியும் செய்யலாம், இது செற்றிங் பிழை என்றார்.

"அது விசாவுக்குச் செய்தது மாமா. பேப்பரிலை மட்டுந்தான்" என்றார் மாப்பிள்ளை.

அதற்குள் படம் மாறிவிட்டது. மாப்பிள்ளையின் மடியில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, முன்னால் கேக், தலையில் காகிதத் தொப்பி. மூக்கு அச்சு மாப்பிள்ளையின் மூக்கு.

"பிள்ளையும் விசாவுக்கோ?" என்று அம்மா கேட்டா.

அவர்கள் போன பிறகு நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தப்பினேன் என்று அழவில்லை. எனக்கு அந்தக் கலியாணம் வேண்டுமாக இருந்தது, அதற்காகத்தான் அழுதேன். பிறகு கைப்பையைத் திறந்து அந்தக் கடிதத்தைக் கிழித்தேன்.

கதை மத்தியானத்துக்குள் மானிப்பாய் தாண்டிவிட்டது. மறுநாளிலிருந்து மாஸ்டரின் கடையில் நின்ற கூட்டம் தேர்த் திருவிழாவுக்கும் நிற்பதில்லை. பாதிச் சனம் தங்கள் ஃபோனை உடனே பிரித்துத் தரச்சொல்லி நின்றது. ஆளுக்காள் எதை மறைக்க இவ்வளவு அவசரம் என்று யோசித்தால் ஊரில் இருக்கவே பயமாக இருந்தது. மற்றப் பாதி, தங்கள் ரீவியிலும் அதைப் போட்டுத் தரச்சொல்லி நின்றது. இரண்டு தரகர்கள் தனியாக வந்து கதைத்துவிட்டுப் போனார்களாம். எல்லாரும் ஒன்றை மட்டும் சேர்ந்து சொன்னார்கள். மாஸ்டர் தெரிந்துதான் செய்திருக்கிறார், வாயால் சொல்லாமல் படத்தால் சொல்லி ஒரு பெட்டையின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டார் என்று. அப்பா அவரைத் தெய்வம் என்றார். அம்மா ஒரு டப்பா நிறைய முறுக்குச் சுட்டு, நீயே கொண்டுபோய்க் கையில் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வா என்று என்னை அனுப்பினா. எனக்கும் கும்பிடவேண்டும் போலத்தான் இருந்தது. என்னைப் பற்றி யோசிக்க வீட்டுக்கு வெளியே ஒரு மனிதர் இருந்திருக்கிறாரே என்று மனம் நிறைந்துபோய்த்தான் போனேன்.

வியாழக்கிழமை பின்னேரம் கடையில் கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. டப்பாவை மேசையில் வைத்து, அம்மா தந்துவிட்டவ என்றேன். அவர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"அண்ணை, அந்தப் படம் உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். ரெண்டு மூண்டு மாசமாத் தெரியும்."

"அதுதான் ரீவியிலை வரப் பண்ணினனீங்களோ?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இல்லைப் பிள்ளை, அது தற்செயல். உங்கடை அப்பா கனடாப் படம் வேணுமெண்டார், நான் எக்கவுண்டைப் போட்டன். உதுவும் அதுக்குள்ளை கிடக்குமெண்டு அந்த நேரம் யோசிக்கேல்லை."

என்னைத்தான் பார்க்க வருகிறார்கள் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும், சம்பந்தம் வந்தபோதே மாப்பிள்ளை யாரென்று அப்பா சொன்னவர் என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் எல்லாற்றை ஃபோனையும் பாக்கிறவன். பாத்ததைச் சொல்லத் தொடங்கினா ஆர் பேந்து என்னட்டைத் தருவினம்?"

"அப்ப அந்தப் படத்தை ஏன் அழிக்காமல் வைச்சிருந்தனீங்கள்?"

"கலியாணப் படம் நான் அழிக்கிறேல்லைப் பிள்ளை. அது கூடாத காரியம்."

நிதானமாகத்தான் சொன்னார். நான் உத்தியோகத்தை விட்டுவிட்டு, இன்னொருத்தியின் புருஷனுக்குக் கழுத்தை நீட்டப்போவதைத் தெரிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் படத்தைத் தாண்டித் தாண்டி ஆட்டுக்குட்டிகளை அழித்திருக்கிறார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஊரே மாலையோடு நின்றது. ஓம் பிள்ளை, உனக்காகத்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றுவரை அவரைக் கும்பிட்டுக்கொண்டிருப்பேன். அவருக்குப் பின்னால் சுவரில், உயர்தர வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் பரிசுக் கிண்ணத்தோடு நின்ற படம் தொங்கியது.

"உங்கடை மகளுக்கு வந்த சம்பந்தமெண்டா?"

"அண்டைக்கே சொல்லியிருப்பன்" என்றார். யோசிக்கவேயில்லை.

முறுக்கு டப்பாவை ஒரு பக்கம் தள்ளி வைத்தேன். எழும்புங்கோ அண்ணை என்றேன். ஏன் என்று கேட்காமல் எழும்பினார். அவருடைய கதிரையில் நான் இருந்து, என் ஃபோனை எடுத்து, அவர் அழித்துவைத்த ஒவ்வொன்றையும் தேடித் திறந்தேன். அவருடைய எக்கவுண்டை அதிலிருந்து எடுத்துவிட்டேன். எனக்கென்று ஒன்று உண்டாக்கினேன். ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. மூன்று தரம் பிழைத்தது. சம்மதமா என்று கேட்ட ஒவ்வொரு இடத்திலும் எட்டுப் பக்கத்தையும் இருந்து வாசித்தேன், வந்த சனம் வாசலில் நின்று முணுமுணுத்தது. இரண்டு தரம் பொறுக்கமாட்டாமல் அவர் விரலை நீட்டினார், நான் தட்டிவிட்டேன். கடைசியில், பாஸ்வேர்டைக் கொப்பியில் எழுதிவைக்கிறேன் பிள்ளை, மறந்தால் உதவும், என்ன போட்டனீங்கள் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. எழும்பி வரும்போது முறுக்கு டப்பாவையும் மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.